முன்பக்கத்து நாடா

ஆம்பூர்க்காரி ஒருத்தி தன்னந்தனியாகக் கடலில் துடுப்புப் போட்டுக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போகிறாள் என்றால், கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றத்தான் செய்யும். எனக்கே இன்னும் சுற்றுகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் தண்ணீர் என்றால் தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரம்முக்குள் உருளுகிற தண்ணீர், இல்லையென்றால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக்கிடக்கிற லாரித் தண்ணீர். பாலாற்றில் வெள்ளம் வந்தால் லீவு போட்டுவிட்டுப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்போம். அப்படிப்பட்ட எனக்கு எதற்குக் கடல்? ஐந்து வருடத்துக்கு முன்னால் கம்பெனி டூரில் சென்னைக்குப் பக்கத்துக் கோவளம் போனபோது வாடகைக் கயாக் ஒன்றில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். இறங்க மனசு வரவில்லை. இதுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எங்காவது இருக்கும் என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆனால் விடியற்காலை ரயிலைப் பிடித்து ஓடிவிடுவேன். நீச்சல் கற்றேன், துடுப்புப் போடக் கற்றேன், கவிழ்ந்தால் வெளியே வரக் கற்றேன். மூடப்போகிற ஒரு கிளப்பிலிருந்து பழைய கடல் கயாக் ஒன்றை வாங்கினேன். போன தை மாதம், சம்பளமில்லாத லீவு நாற்பது நாள் எழுதிக் கொடுத்துவிட்டுக் கோவளத்தில் அதை இறக்கினேன். கரையை ஒட்டியே தெற்காகப் போக வேண்டியது. பகலெல்லாம் துடுப்பு, சாயங்காலம் ஏதாவது ஒரு மீனவ கிராமத்து மணலில் கூடாரம்.

வீட்டில் எனக்கு இருப்பது அக்கா ஒருத்திதான். என்னைவிட ஏழு வயது மூத்தவள். அவள் வீட்டு மாடியில் நான் இருக்கிறேன். இரண்டு பேருக்கும் ஷூ கம்பெனி வேலை, ஆனால் வேறு வேறு கம்பெனி. அவள் மெஷினில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள். நான் ஃபினிஷிங் செக்கர். நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, இடதும் வலதும் ஒரே உயரமா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று சொல்வது என் வேலை. நான் கடலுக்குப் போகிறேன் என்றதும் அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"போறதுன்னு முடிவு பண்ட்டே. போ. ஆனா முழுசா திரும்பி வரணும். எனக்கு வேற எதுவும் வாணாம்."

கயாக் என்பது ஒல்லியான, நீளமான படகு. நடுவில் ஒரு ஓட்டை இருக்கும். அதற்குள் காலை நீட்டி, இடுப்புவரை இறங்கி உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு ரப்பர் துணி உண்டு. ஒரு முனை இடுப்பைக் கவ்விக்கொள்ளும், மறுமுனை எலாஸ்டிக்கால் ஓட்டையின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். ஸ்கர்ட் என்று பெயர். அக்கா கேட்ட நாளிலிருந்து பாவாடை என்றுதான் சொல்வாள். அதன் முன்பக்கத்தில் கைப்பிடி மாதிரி ஒரு நாடா தொங்கும். படகு தலைகீழாகக் கவிழ்ந்தால் அந்த நாடாவைப் பிடித்து இழுத்துத்தான் ஸ்கர்ட்டைக் கழற்றி வெளியே வர முடியும்.

பதினோராம் நாள் காலையில், பரங்கிப்பேட்டைக்குக் கொஞ்சம் வடக்கே, கரையேறும்போது அந்த ஸ்கர்ட் போயிற்று. அலை என்னைப் பின்னாலிருந்து தூக்கி, கரையில் நின்ற ஒரு ஃபைபர் படகின் மேல் எறிந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஸ்கர்ட்டின் முன்பாதி அந்தப் படகின் மோட்டார் விசிறியில் மாட்டி, நாடாவோடு சேர்ந்து டர்ரென்று பிய்ந்து போனது. பிய்ந்த துண்டை அலை கொண்டுபோய்விட்டது. கையில் மிஞ்சியது பாதி.

கயாக் சாமான் விற்கிற சென்னைக் கடைக்குப் போன் போட்டால், வெளிநாட்டிலிருந்து வரணும், ஒன்றரை மாதம் ஆகும் என்றான் கடைக்காரன். எனக்கு மீதி இருந்ததே இருபத்தொன்பது நாள். ஸ்கர்ட் இல்லாமல் போனால் நடுக்கடலில் ஒரு பெரிய அலை போதும், படகு தொட்டியாகிவிடும். கரையில் கருவாடு காயப்போடுகிற ஒரு அம்மா, "ஏம்மா, பேசாம வீட்டுக்குப் போயிடேன்" என்றார். அவர் சொன்னது பாதி காதில் விழும்போதே எனக்கு மூளையில் ஒன்று தட்டியது. வீட்டுக்குத்தான் போகணும். ரப்பர் துணியையும் பசையையும் எலாஸ்டிக்கையும் கரைத்துக் குடித்த ஊரில் பிறந்துவிட்டு, வெளிநாட்டுப் பார்சலுக்கு எதற்குக் காத்திருக்க வேண்டும்?

படகு ஓட்டையின் விளிம்பு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சிலில் கோடு போட்டு, உரித்து, சார்ட் அட்டையில் தட்டையாக ஒட்டினேன். ஷூவுக்கு அளவு எடுப்பது இப்படித்தான். படகைக் கருவாட்டு அம்மாவின் கொட்டகையில் விட்டேன். கடலோரப் போலீஸ்காரர் ஒருவர் வந்து, ஆளில்லாமல் இரண்டு நாளுக்கு மேல் படகு கிடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கிழிந்த ஸ்கர்ட்டைப் பையில் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாதனூர் தாண்டியதும் எங்கள் ஊர்த் தோல் வாசனை வந்தது. பதினோரு நாள் உப்புக் காற்றைக் குடித்த மூக்குக்கு அது புதுசாக இருந்தது. இத்தனை வருடம் இதற்குள்ளேயே சாப்பிட்டுத் தூங்கினோமா என்று ஆச்சரியமாகப் போயிற்று. பஸ் ஸ்டாண்டிலேயே டீக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, வந்துட்டியா? கடல் முடிஞ்சிபோச்சா?"

முடியவில்லை, ஒரு சாமான் வாங்க வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு பார்த்த ஆறு பேரும் நம்பவில்லை. கடைசியில் நானே நம்புகிறேனா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுப் படியேறும்போது, இப்படியே மாடிக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். அக்கா கதவைத் திறந்து முதலில் என் கையைப் பார்த்தாள், பிறகு காலை, பிறகு முழங்கைச் சிராய்ப்பை.

"முழுசாத்தான் இருக்கே" என்றாள். "பாவாடை எங்கே கிழிஞ்சிது, காட்டு."

மறுநாள் இரண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போனோம். ஷூ சாமான் விற்கிற கடையில், ஏதோ பூட்ஸ் ஆர்டரில் மிஞ்சிய நியோப்ரீன் ரப்பர் துணி ரோல் ஒன்று கிடந்தது. கடைக்கார பாய் அதை உருட்டி விரித்துவிட்டு, "என்னா மாடல்மா இது?" என்றார்.

"ஷூ இல்ல பாய். படகுக்கு."

"படகுக்கா?" அவர் அக்காவைப் பார்த்தார். "பாலாத்துல மணலே கம்மி ஆயிடுச்சு, தண்ணிக்கு எங்கே போவே?"

"இவளுக்குக் கடல் இருக்குது பாய்" என்றாள் அக்கா. "நமக்குத்தான் பேஜார்."

எலாஸ்டிக் கயிறு, ரப்பர் சொல்யூஷன், கெட்டி நைலான் நூல் எல்லாம் வாங்கினோம். அக்கா சார்ட் அட்டையைத் தரையில் விரித்து மண்டிபோட்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்று கட்டளை போட்டேன். இங்கே பசை ஒட்டித் தையல் போடு, தையல் மேலே மறுபடி பசை தடவு, இடுப்புப் பக்கம் இறுக்கம் ஜாஸ்தி வேணும், எலாஸ்டிக் முடிச்சு பின்னால் வரணும். எல்லாம் சொன்னேன். நாடாவை மட்டும் சொல்லவில்லை. கிழிந்த பாதியில் அது இல்லை. கண் முன்னால் இல்லாதது என் வாயிலும் வரவில்லை. இதை எப்படி மறந்தேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. ஐந்து வருடமாக ஒவ்வொரு தடவை படகில் உட்காரும்போதும் முதலில் அந்த நாடாவைத்தான் வெளியே எடுத்துப்போடுவேன். கைதான் அதைச் செய்துகொண்டிருந்தது, மூளை செய்யவில்லை போலிருக்கிறது.

போலீஸ்காரர் சொன்ன கெடுவுக்காக நான் அன்றைக்கே படகிருந்த கரைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அக்கா வேலை முடிந்து வந்து, சாயங்காலம் சாயங்காலமாகத் தைத்தாள். நான் கொட்டகை வாசலில் உட்கார்ந்து கடலை முறைத்துக்கொண்டிருந்தேன். காற்று நன்றாக இருந்தது, கடல் நன்றாக இருந்தது, நாள் மட்டும் போய்க்கொண்டிருந்தது. எரிச்சல் எரிச்சலாக வந்தது. அக்காவுக்கு வாய்ஸ் நோட்டாக அனுப்பித் தள்ளினேன். முடிஞ்சிதா, எப்ப முடியும், பசை காய்ஞ்சிதா. அவள் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டாள்.

ஐந்தாம் நாள் சிதம்பரம் வரும் பஸ்ஸில் பார்சல் வந்தது. பிரித்ததும் எனக்குச் சந்தோஷத்தில் கத்தத் தோன்றியது. அப்படி ஒரு வேலை! கொட்டகைத் தரையில் பாயை விரித்து, அதன்மேல் ஸ்கர்ட்டைப் போட்டு, கம்பெனி மேஜையில் செய்கிற மாதிரியே பார்த்தேன். தையல் ஒரே இடைவெளி. பசை ஒரு துளி வழியவில்லை. இடது பக்கமும் வலது பக்கமும் மடித்து வைத்தால் நூல் பிசகாமல் பொருந்தியது. ஒரு இடத்தில்கூட நூல் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. "பாஸ்" என்று வாய்விட்டே சொன்னேன். கருவாட்டு அம்மா, "யாரும்மா தைச்சது, கடையில வாங்குன மாதிரி இருக்கு" என்றார். எங்கக்கா என்றேன், பெருமையாக.

மறுநாள் காலை கிளம்பினேன். அலை தள்ளத் தள்ள, துடுப்பைப் பிடிக்கிற அவசரத்தில் ஸ்கர்ட்டை விளிம்பில் மாட்டினேன், அன்றைக்கென்று பார்த்துக் கை முன்பக்கம் போகவில்லை. ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஆற்று முகத்துவாரம் வந்தது. ஆறு வெளியே தள்ள, கடல் உள்ளே தள்ள, அலை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. வலது பக்கம் சாய்ந்து சமாளித்தேன். இடது பக்கத்திலிருந்து இன்னொன்று வந்தது. கவிழ்ந்தேன்.

கவிழ்ந்த படகை உள்ளிருந்தபடியே இடுப்பால் சுழற்றி நிமிர்த்துகிற வித்தை ஒன்று உண்டு. பத்துக்கு ஐந்து தடவை எனக்கு வரும். அன்றைக்கு வரவில்லை. சரி, வெளியே வந்துவிடலாம் என்று கை தானாக முன்பக்கம் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. விளிம்பைத் தடவினேன். வழவழவென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் வலது பக்கமோ? அங்கேயும் வழவழ. தப்பான பக்கம் தடவுகிறேனோ, தலைகீழாக இருப்பதால் முன்பக்கம் பின்னால் போய்விட்டதோ என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். மேல் எது கீழ் எது என்றும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் கலங்கல் பச்சை. மூக்கில் உப்பு. பயம்கூட முதலில் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. இங்கேதானே இருக்கும், இங்கேதானே இருக்கும் என்று விரல்கள் அதே இடத்தைப் பத்துத் தடவை தேடின. அதற்கப்புறம்தான் பயம் வந்தது.

கடைசியில் தொடைப் பக்கம் துணியைக் கொத்தாகக் கிள்ளிப் பிடித்து, முழங்காலால் மேலே முட்டி முட்டி, எப்படியோ ஓர் ஓரம் விளிம்பிலிருந்து நழுவியது. அந்த வழியாக உருவிக்கொண்டு வெளியே வந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வலை இழுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மீனவர்கள் என்னையும் படகையும் கட்டி இழுத்து, காலையில் கிளம்பிய அதே கரையில் கொண்டுவந்து போட்டார்கள். கருவாட்டு அம்மா என்னைத் துவட்டிவிட்டு, சூடாகக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்.

ஸ்கர்ட்டை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் நாடா இல்லை. நாடா இருக்க வேண்டிய இடத்தில், கிட்டப்போய்ப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு, ஒரு சின்னத் தையல் தடம். வெட்டி, நுனியை நெருப்பால் பொசுக்கி, மேலே பசை தடவி, விரலுக்குத் தட்டுப்படாமல் வழித்திருந்தது. அதாவது நாடா ஒன்று அங்கே இருந்திருக்கிறது. யாரோ அதை வெட்டியிருக்கிறார்கள். அக்காவைத் தவிர யார்? எனக்கு ரத்தம் கொதித்தது. போனை எடுத்தேன்.

"என்னைக் கொன்னுட்டியேக்கா" என்று ஆரம்பித்தேன். என்னென்ன பேசினேன் என்று எழுத இப்போது கூசுகிறது. நாடாவை எதுக்கு வெட்டினே, உனக்கு அறிவு இருக்குதா, இருபத்தஞ்சு வருஷமா என்னத்தைத் தைச்சே, நான் போறது புடிக்காமத்தான் இப்படிப் பண்ணியா என்றுகூடக் கேட்டுவிட்டேன். மூச்சு வாங்க நான் நிறுத்தியபோது அந்தப் பக்கம் மெஷின் சத்தம் கேட்டது. கம்பெனியில் இருந்தாள்.

"கை காலெல்லாம் நல்லா இருக்குதா?" என்றாள்.

"இருக்குது. அதுக்கு உனக்கு நன்றி சொல்லணுமா?"

"சரி. வெச்சிடறேன்" என்றாள்.

எங்கள் வேலையில் ஒரு ஷூ ரிஜெக்ட் ஆனால் அத்தோடு விடமாட்டோம். தப்பு எந்த டேபிளில் நடந்தது என்று தேடுவோம். தேடிக் கண்டுபிடித்து, அந்த ஆளை நிற்கவைத்துக் கேட்டால்தான் செக்கருக்குத் தூக்கம் வரும். அந்தப் புத்திதான் என்னைப் போனைக் கிளறவைத்தது. அக்கா அனுப்பியதையெல்லாம் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்றாம் நாள் அனுப்பிய படம் ஒன்று இருந்தது. அன்றைக்குச் சிக்னல் இல்லாமல் பாதிதான் இறங்கியிருந்தது, வெயிலில் மங்கலாகத்தான் பார்த்தேன். இப்போது முழுசாக இறங்கியது. தையல் மேஜை மேல் ஸ்கர்ட். அதன் முன்பக்கத்தில், ஸ்கூல் பை வார் போல ஒன்றை மடித்துத் தைத்த சிவப்பு நாடா. நான் சொல்லவே இல்லை. வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற, நான் படகில் உட்கார்ந்திருக்கிற போட்டோவைப் பார்த்து அவளாகத் தைத்திருக்கிறாள்.

அதற்குக் கீழே என் வாய்ஸ் நோட். அழுத்தினேன். என் குரல், மேஜையில் உட்கார்ந்து அதட்டுகிற அதே குரல்.

"சூப்பரா இருக்குதுக்கா. முன்னாடி இன்னாவோ தொங்குது பாரு, சரியா தெரியலே. தொங்கறது எல்லாத்தையும் டிரிம் பண்ணிடு. ஃபினிஷிங் நீட்டா இருக்கணும்."

அதற்கு அக்கா எழுத்தில் பதில் போட்டிருந்தாள். 'நல்லா பாத்தியா? அது வாணாமா?' நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பியிருந்தேன்.

எத்தனை தடவை அதைத் திருப்பிக் கேட்டேன் என்று தெரியாது. என் குரல்தான், ஆனால் யாரோ பேசுவது போல இருந்தது. நான்தான் சொன்னேனா? எப்போது சொன்னேன்? கருவாட்டு அம்மா எட்டிப் பார்த்து, "யாரு அது, மேனேஜரா?" என்றார். நான்தான் என்றேன். உடனே அக்காவைக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடி கூப்பிட்டேன். சாயங்காலம்வரை சுவிட்ச் ஆஃப். மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி எழுதினேன், அழித்தேன். எப்படி எழுதினாலும் நான் அவளைப் பெரிய மனசோடு மன்னிக்கிற மாதிரியே இருந்தது.

மறுநாள் மதியம் ஷேர் ஆட்டோவிலிருந்து அக்கா இறங்கினாள். கையில் ஒயர் கூடை, தலையில் வெயிலுக்கு முக்காடு. அவ்வளவு பெரிய கடல் எதிரில் கிடக்கிறது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தப் பாவாடை எங்கே?" என்றாள்.

கொண்டுவந்து கொடுத்தேன். கவிழ்த்துப் போட்டிருந்த கயாக்கின் முதுகில் உட்கார்ந்து, கூடையிலிருந்து குத்தூசியும் மெழுகு நூலும் எடுத்தாள். அதே சிவப்பு வாரில் புது நாடா ஒன்றை, கை நுழைகிற அளவுக்குப் பெரிதாக மடித்தாள். கையாலேயே தைத்தாள். ஒரு வரிசை, அதன்மேல் குறுக்காக இன்னொரு வரிசை, பிறகு மூன்றாவது. நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வாயைத் திறந்தால், "சாப்டியாக்கா?" என்று வருகிறது. அவள் தலையாட்டுகிறாள். மறுபடி வாயைத் திறந்தால், "பஸ்ஸுல சீட் கெடச்சிதா?" என்று வருகிறது. என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

நூலை அறுத்துவிட்டு எழுந்தாள். "இதைப் போட்டு என்னை அதுக்குள்ள உக்கார வை."

"இன்னாத்துக்கு?"

கம்பெனியில் புது மாடல் வந்தால் அதை முதலில் யாராவது காலில் போட்டு நடந்து பார்ப்பார்கள். வேர் டிரையல் என்போம். நடந்து பார்க்காமல் லைனுக்கு விடமாட்டார்கள். "டிரையல் பாக்காம அனுப்பிச்சது தப்பு" என்றாள் அக்கா. "இந்த வாட்டி நான் பாக்கறேன்."

"உனக்கு நீச்சல் தெரியாதுக்கா."

"நீ எதுக்கு இருக்கே?"

அவளோடு பேசி ஜெயிக்க முடியாது. கிராமத்துக்குப் பின்னால் உப்பங்கழி, இடுப்பளவுத் தண்ணீர், அலையே கிடையாது. அங்கே படகைத் தள்ளிக்கொண்டு போனோம். என் டிராக் பேன்ட்டையும் டீ ஷர்ட்டையும் மாட்டிக்கொண்டு வந்து நின்ற அக்காவைப் பார்த்துக் கருவாட்டு அம்மா சிரித்த சிரிப்பு கடல்வரை கேட்டிருக்கும். இடுப்பில் ஸ்கர்ட்டை ஏற்ற நாங்கள் இரண்டு பேரும் இழுக்க வேண்டியிருந்தது. உள்ளே உட்காரவைத்து விளிம்பில் மாட்டினேன். நாடா வெளியே இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். எப்படிக் குனிய வேண்டும், எப்படி முன்னால் தள்ளி இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். ஐந்து எண்ணுவதற்குள் வரவில்லையென்றால் நானே தூக்கிவிடுவேன் என்றேன். அவள் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"கவுத்து" என்றாள்.

கவிழ்த்தேன். படகின் அடிவயிறு மட்டும் மேலே தெரிந்தது. ஒன்று எண்ணினேன். இரண்டு. தண்ணீர் கலங்கியது. மூன்று. அந்த மூன்றில் எனக்குப் புரிந்தது, நான் கடலில் இருந்த பதினோரு நாளும் அவள் வீட்டில் எப்படி இருந்திருப்பாள் என்று. நான்கு சொல்லும் முன்பே கையை உள்ளே விட்டுவிட்டேன். அதற்குள் படகு உதறியது. அந்தப் பக்கம் அக்கா எழுந்து நின்றாள், இருமிக்கொண்டு, தலைமுடியெல்லாம் முகத்தில் ஒட்டிக்கொண்டு. நாடா அவள் கையிலேயே இருந்தது.

"அக்கா" என்றேன். இந்த முறை வேறு எதுவும் வாயில் வரவில்லை. "நாடாவை வெட்டச் சொன்னது நான்தான். வாய்ஸ் நோட்டுல நான்தான் சொன்னேன்."

"தெரியும்டீ. என் போன்லயும்தானே இருக்குது."

"அப்ப நான் அந்தக் கத்து கத்தும்போது ஏன் சொல்லலே?"

அவள் முடியை முறுக்கிப் பிழிந்தாள். "நீ பொறந்ததுலேந்து உன் பேச்சை நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா? அன்னிக்கின்னு பாத்து கேட்டேன் பாரு. அது என் தப்புதானே."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தண்ணீரில் நின்றபடியே தேம்பினேன். அவள் என்னைத் தேற்றவில்லை. படகை நிமிர்த்தச் சொன்னாள், தண்ணீரை இறைக்கச் சொன்னாள். பிறகு மறுபடியும் ஏறி உட்கார்ந்து, ஸ்கர்ட்டைத் தானே விளிம்பில் மாட்டிக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி கவுத்து" என்றாள். "ஆனா இந்த வாட்டி சொல்லிட்டுக் கவுக்காதே. கடலு உன்கிட்ட சொல்லிட்டா கவுக்குது?"

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் படகைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். எனக்குக் கவிழ்க்கக் கை வரவில்லை.